எந்த சைட்டு தூசி?

சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும். போலீஸ் வரும், வீட்டு ஓனர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வருவார், மேஸ்திரி போனை ஆஃப் பண்ணிவிடுவார், அப்புறம் பேச்சுவார்த்தை நடந்து ஏதோ ஒரு தொகைக்கு முடியும். சரியோ தப்போ, விழுந்த இடம் இது, விழுந்த நாள் இது என்றாவது எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். தூசி நுரையீரலைக் கெடுக்கிற விஷயத்தில் அது கிடையாது. வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கமெல்லாம் சைட் சூப்பர்வைசராக ஓடிக்கொண்டிருக்கிற எனக்கு, இந்த வேலையில் ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம் இதுதான்.

வீடு கட்டுகிற வேலையில் மோசமான தூசி எது என்று கேட்டால் பலரும் சிமெண்ட் மூட்டையைப் பிரிப்பதைச் சொல்வார்கள். நான் சுவர் வெட்டுவதைத்தான் சொல்வேன். பூச்சு முடிந்த சுவரில் ஒயரிங் பைப் பதிக்க எலக்ட்ரீஷியன் கோடு போட்டுக் கொடுத்துவிடுவார், ஹெல்ப்பர் பையன் நாலு இஞ்ச் கட்டரை எடுத்து இரண்டு கோடாக அறுத்துக்கொண்டே போவான், நடுவில் இருப்பதை உளியால் தட்டி எடுப்பான். கட்டரை ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் ரூமுக்குள் ஆளே தெரியாது, சத்தம் மட்டும் வரும். வெளியே வரும்போது பையனுடைய கண் இமை முடி வரைக்கும் வெள்ளையாக இருக்கும். மறுநாள் காலையில் சித்தாள் அக்கா வந்து அதே ரூமைத் தண்ணீர்கூடத் தெளிக்காமல் பெருக்குவார், அடங்கிய தூசி மறுபடி எழுந்து நிற்கும். வெட்டியவனையாவது பாவம் என்பார்கள், அந்த அக்காவை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் தூசியால் பெரிய ஆபத்தில்லை, அது மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியாக வெளியே வந்துவிடும். ஆபத்து உள்ளே போகிற பொடியில்தான். செங்கல், கான்கிரீட், கிரானைட், மணல் எல்லாவற்றிலும் சிலிக்கா என்கிற கனிமம் இருக்கிறது. பாலாற்று மணல் போய், மலையை உடைத்து எடுக்கிற எம்-சாண்ட் வந்த பிறகும் அது மாறவில்லை, கருங்கல்லிலும் அதே சிலிக்காதான். பிளேடு பட்டு உடைகிற துகளில் 4 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் கீழேயும் இருப்பவை நுரையீரலின் கடைசி காற்றுப்பை வரை போய்விடும். தலைமுடி 70 மைக்ரான் வாக்கில் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் நாற்றம் இல்லை, அரிப்பு இல்லை. சிமெண்டாவது கையை அரித்து நம்மை எச்சரிக்கும்.

நம் ஆட்களிடம் இதற்கு இருக்கிற மருந்து வெல்லமும் வாழைப்பழமும். சாயந்திரம் ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டால் தூசி இறங்கிவிடும் என்பார்கள். இறங்கும், தொண்டையில் இருப்பது வயிற்றுக்கு இறங்கும். நுரையீரலுக்கும் வெல்லத்துக்கும் சம்பந்தமே இல்லை. முகத்தில் கட்டுகிற கர்ச்சீப்பும் பெரிய துகளுக்குத்தான் ஆகும். என்95 மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் போடுவார்களா என்றால், கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூரில், ஜன்னல் வைக்காத ரூமில், வேர்வையில் ஊறிய மாஸ்க்கோடு கட்டர் பிடிப்பது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். "இன்னா சார், மூச்சே முட்டுது" என்று கழற்றுகிறவனைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பெருமளவு அடங்கும். எல்லா பாதுகாப்புப் புத்தகத்திலும் அதுதான் முதலில் இருக்கும். ஆனால் டெம்பரரி லைனில், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இல்லாத போர்டில், ஒட்டுப்போட்ட ஒயரோடு ஓடுகிற மலிவு கட்டரில் தண்ணீர் விடச் சொன்னால் எந்த எலக்ட்ரீஷியன் விடுவார்? நுரையீரல் பத்து வருஷம் கழித்துப் போகும், ஷாக் இப்போதே அடிக்கும். பையன் சரியாகத்தான் கணக்குப் போடுகிறான். ஆக, மாஸ்க் போடாததற்கு அவனைக் குறை சொல்வதற்கு முன்னால் அந்த போர்டையும் கட்டரையும் வாங்கினது யார் என்று கேட்க வேண்டும்.

இந்த சிலிக்காத் தூசியால் வருகிற நுரையீரல் நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர், அது பெரும்பாலும் பத்து, இருபது வருஷம் கழித்துத்தான் தலைகாட்டும். தூசி அளவுக்கு மீறினால் சில வருஷத்திலேயே வரும். நுரையீரலில் கிருமியைத் தின்கிற செல்களே இந்தத் துகளையும் தின்று சாகின்றன, அந்த இடம் தழும்பாகிறது. தழும்பான நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. காவலுக்கு இருந்த செல்களே செத்துப்போவதால் டிபியும் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்று மாதிரி தெரிவதும் உண்டு.

அணைக்கட்டு பக்கத்துக்காரர் ஒருவர் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே சுவர் வெட்டுகிற வேலைதான். இருமலுக்கு டிபி மாத்திரை ஆறு மாசம் சாப்பிட்டார், கொஞ்ச நாள் கழித்து மறுபடி அதே மாத்திரை. ஆஸ்பத்திரிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று இருந்தது, அவர் சொன்னதும் அதுதான். பிறகு ஒரு டாக்டர்தான் உட்கார வைத்து, முதலில் என்ன வேலை, அப்புறம் என்ன வேலை, எத்தனை வருஷம் என்று வரிசையாகக் கேட்டார். அதற்குப் பிறகே இது தூசி என்று எழுதினார்கள். நிவாரணத்துக்கு மனு எழுத என்னிடம் வந்தார். எங்கெங்கே வேலை செய்தீர்கள் என்றால், "காந்தி நகர்ல ஒரு மாடி வீடு, ஆரணி ரோட்டுல ஒரு கல்யாண மண்டபம்" என்கிறார். கட்டடம் ஞாபகம் இருக்கிறது, ஓனர் பெயர் தெரியாது. மேஸ்திரிகளில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் பெங்களூர் போய்விட்டார். மிச்சம் இருந்த ஒருவர், "என் சைட்டு தூசினு எப்படிச் சொல்ற?" என்று கேட்டாராம்.

இந்தக் கேள்வியைச் சட்டம் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். 2025 வரை அமலில் இருந்த 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தில் பின்னால் சேர்த்த ஒரு பிரிவே இருந்தது. நுரையீரல் தூசி நோய் மாதிரி சில நோய்கள் பல முதலாளிகளிடம் வேலை செய்ததால் வந்திருந்தால், எல்லோரும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும், யாருக்கு எவ்வளவு என்று ஆணையர் முடிவு செய்வார் என்றது அது. ராஜஸ்தானில் 2019-இல் சிலிக்கோசிஸ் உட்பட நுரையீரல் தூசி நோய்களுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்து, அரசே நிவாரணம் தருகிறது. அங்கே கல் குவாரிகள் அதிகம், சாவும் அதிகம். நம் ஊரிலும் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நலவாரியத்துக்கென்று வசூலாகிறது, பணம் இல்லாமல் இல்லை. ஆனால் யாரிடம், எங்கே, எத்தனை நாள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டுமே. தினக்கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவனிடம் அது எப்படி இருக்கும்?

இப்போது என் சைட்டில், முடிந்தவரை பூச்சுக்கு முன்னாலேயே பைப்பைப் பதித்துவிடச் சொல்கிறேன். வெட்டுகிற நீளம் பாதிக்குப் பாதி குறைகிறது. தூசி உறிஞ்சுகிற வாக்குவம் வாடகையை கொட்டேஷனில் ஒரு வரியாகப் போடுகிறேன், பாதி ஓனர்கள் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான். கட்டர் பிடிக்கிற பையன்களுக்கு ஆளுக்கொரு சின்ன நோட்டு கொடுத்து, சைட் முகவரி, ஓனர் பெயர், தேதி, செய்த வேலை என்று எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துக்கு மேஸ்திரிகளிடம் நீட்டினால், "இன்னா சார், நாளைக்கு எங்க மேலயே கேஸ் போடவா?" என்கிறார்கள். சிலர் போடுகிறார்கள், போடாதவர்கள் இடத்தில் நானே என் பெயரையும் போன் நம்பரையும் எழுதிவிடுகிறேன்.