அதைத் தரிசு என்று எழுதாதீர்கள்

நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தை எல்லாருக்கும் தெரியும். 1994ல் பறவைகள் சரணாலயம் ஆனது, அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடாமல் நாரைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். முற்றத்து மரத்திலேயே கூடு இருந்தால் பறவைக்காகப் பேசுவது கொஞ்சம் எளிது. நான் எட்டு வருஷமாகக் களப்பணி செய்வது நாங்குநேரிக்குத் தெற்கே பொட்டல் காட்டில். உடைமரமும் புல்லும்தான், வேறு என்ன இருக்கிறது என்பார்கள் பஸ்ஸில் போகிறவர்கள்.

அங்கே குளிர்காலத்தில் கசகஸ்தான் பக்கமிருந்தெல்லாம் பூனைப்பருந்துகள் வரும். மரத்தில் அடையாது, புல்லுக்குள் தரையில்தான் தூங்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கே ஓடை மேட்டில் போய் உட்கார்ந்து, தாழப் பறந்து வந்து ஒவ்வொன்றாக இறங்குவதை இருட்டும்வரை எண்ண வேண்டும். மறுநாள் அவை எழுந்து போனபின் கக்கிவிட்டுப் போன உருண்டைகளைப் பொறுக்குவோம். சுண்டுவிரல் கனம் இருக்கும். நகத்தால் பிரித்தால் வெட்டுக்கிளியின் காலும் தாடையுமாக உதிரும். உளுந்து போட்டிருக்கிற ஒருவர் கையில் அதை வைத்துக் காட்டினேன், அப்புறம் அவரே பக்கத்துக் காட்டுக்காரர்களைக் கூட்டிவந்தார்.

ஒரு வருஷம் அந்த இடத்துக்கு சோலார் வந்தது. மனு கொடுத்தோம். சித்திரை வெயிலில் வந்து பார்த்துவிட்டு, தரிசு நிலம், பறவைக் கூடுகள் இல்லை என்று பதில் எழுதிவிட்டார்கள். பருந்துகள் பங்குனியிலேயே கிளம்பிவிடும், இங்கே கூடும் கட்டாது. எந்த மாதம் வந்து பார்க்க வேண்டும் என்று மனுவில் நான் எழுதவில்லை. அது என் தப்பு, இன்னும் உறுத்துகிறது. அடுத்த தை மாதம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பதினேழு பருந்துகள் வந்து, பலகைகளுக்கு மேலே வெகுநேரம் சுற்றிவிட்டு மேற்கே போயின.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. கங்கைகொண்டானில் சிப்காட் பக்கத்திலேயே புள்ளிமானுக்கு 2013ல் 288 ஹெக்டேர் சரணாலயம் கிடைத்திருக்கிறதே, முள்காடும் காடுதான் என்று ஒத்துக்கொண்டதால்தானே?

இப்போது இன்னொரு பொட்டலுக்கு மனு எழுதுகிறோம். எழுதியதை ஆடு மேய்க்கிற அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். 'தரிசு' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"தரிசுன்னா ஒண்ணுக்கும் ஆவாத எடம்னுல்லா அர்த்தம். எங்க பாட்டன் காலத்துலருந்து இங்க ஆடு மேயுது தம்பி. மேய்ச்ச காடுன்னு எழுதுங்க."

அப்படியே மாற்றினேன். கார்த்திகை முதல் மாசி வரை மாலை ஐந்தரை மணிக்கு வந்து பாருங்கள் என்றும் சேர்த்தேன். முதல் கையெழுத்து அவருடையது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கிறோம், ஆட்டை மருமகனிடம் விட்டுவிட்டு அவரும் வருகிறார்.