பிள்ளைகளின் தைராய்டு: ரத்தம் சொல்வதும் ஸ்கேன் சொல்வதும்

தைராய்டு சுரப்பி ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சொல்லாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். ஸ்கேன் அறையில் உட்கார்ந்துகொண்டு இதை அடிக்கடி விளக்க வேண்டியிருப்பதால், ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். வழக்கமாக நடப்பது இதுதான்: பள்ளிக்குப் போகிற பிள்ளை, கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, யாரோ சொல்லி டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன், தைராய்டு மந்தமானால் இது ஏறும்) பார்த்திருப்பார்கள், அது சற்றே கூடி 6 அல்லது 7 என்று வந்திருக்கும், லேபிலிருந்து நேராக வந்து "தைராய்டு வந்திருச்சு டாக்டர், எவ்வளவு இருக்குன்னு ஸ்கேன்ல பாத்துடுங்க" என்பார்கள்.

எடை கூடிய பிள்ளைகள் பலருக்கு டி.எஸ்.எச். லேசாக ஏறித்தான் இருக்கும். எடையால்தான் அது ஏறுகிறது, அதனால் எடை ஏறவில்லை. எடை குறைந்தால் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். இதில் ஸ்கேன் எடுப்பதால் வரும் வில்லங்கம் என்னவென்றால், இந்தப் பிள்ளைகளில் சிலருக்குச் சுரப்பி திரையில் சற்றே கருத்துத் தெரியும், சுரப்பியைத் தாக்கும் ஆன்டிபாடியும் ரத்தத்தில் இருக்காது, நோயும் இருக்காது. ஆனால் ரிப்போர்ட்டில் 'தைராய்டைட்டிஸ் (சுரப்பி அழற்சி) போலத் தெரிகிறது' என்று ஒரு வரி விழுந்துவிட்டால் போதும், அந்த வரியை நம்பி யாராவது மாத்திரை எழுதுவார்கள், பிள்ளை வருஷக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் அதை விழுங்கிக்கொண்டிருக்கும்.

சரி, உண்மையிலேயே ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு நோய் இருக்கிற பிள்ளைக்கு? வயசுக்கு வருகிற பருவத்துப் பெண் பிள்ளைகளிடம் இது அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் முன்கழுத்து வீங்கியிருக்கும். நல்ல சுரப்பி திரையில் ஒரே சீரான வெளிர் சாம்பலாகத் தெரியும். இவர்களுடையது ரவா தோசை மாதிரி, அங்கங்கே கருப்பு ஓட்டைகளும் நடுவே வெள்ளை இழைகளுமாக இருக்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும்தான், ஆனால் ஆன்டிபாடியும் டி.எஸ்.எச்.சும் அதை ஏற்கெனவே சொல்லியாயிற்றே, மாத்திரை அளவை முடிவு செய்வதும் டி.எஸ்.எச்.தானே. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பு, தவிர்க்க வேண்டிய பரிசோதனைகள் என்று போட்ட பட்டியலில், சாதாரண முன்கழுத்துக் கழலைக்கும் ஆட்டோஇம்யூன் (எதிர்ப்புச் சக்தியே தாக்கும்) தைராய்டு நோய்க்கும் வழக்கமாக ஸ்கேன் எடுப்பதையும் சேர்த்திருக்கிறது. கை வைத்துப் பார்க்கும்போது ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, கழுத்தோரம் நெறி கட்டியிருந்தாலோ கதை வேறு, அப்போது கட்டாயம் எடுக்க வேண்டும். (ஸ்கேன் எடுத்துப் பிழைக்கிற நானே இதைச் சொல்வது எங்கள் அக்கவுன்டன்டுக்குப் பிடிக்காது.)

பச்சைக் குழந்தைகள் விஷயத்தில் ஸ்கேனுக்கு உருப்படியான வேலை இருக்கிறது. பிறவியிலேயே தைராய்டு போதுமான அளவு சுரக்காத குழந்தைகள் இந்தியாவில் ஏறக்குறைய 1,000-க்கு ஒன்று. குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் டி.எஸ்.எச். கூடுதல் என்று வந்து, அது உறுதியும் ஆனால், சுரப்பி அங்கே இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. சிலருக்கு இருக்கவே இருக்காது. சிலருக்கு நாக்கின் அடியிலேயே தங்கிப்போயிருக்கும், ஏனென்றால் கருவில் அது அங்கே உருவாகித்தான் கழுத்துக்கு இறங்கி வருகிறது. இன்னும் சிலருக்கு இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டியதைவிடப் பெரிதாகவே இருக்கும், ஹார்மோன் தயாரிக்கிற வழியில்தான் குறை. பால் குடித்துத் தூங்குகிற நேரமாகப் பார்த்து, அம்மா மடியில் வைத்தே பார்த்துவிடலாம். நாக்கடியில் இருப்பதை ஸ்கேன் சில சமயம் தவறவிடும், அதற்கு, துளி கதிரியக்க மருந்து கொடுத்து எடுக்கும் நியூக்ளியர் ஸ்கேன் இருக்கிறது. ஆனால் எந்த ஸ்கேனுக்காகவும் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது, மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, பிறந்து இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கிவிடுவது நல்லது. படம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

சுரப்பி இறங்கி வந்த அதே வழியில் மிச்சம் தங்கி, நடுக்கழுத்தில் நீர்க்கட்டியாகவும் வரும். நாக்கை நீட்டினால் கட்டி மேலே ஏறும். ஆபரேஷனுக்கு முன் ஸ்கேன் கேட்பது கட்டிக்காக மட்டுமல்ல, சுரப்பி அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும்தான். கட்டி என்று நினைத்து வெட்டி எடுப்பது அந்தப் பிள்ளையிடம் இருக்கிற ஒரே தைராய்டாக இருந்துவிடலாம்.

சுரப்பிக்குள்ளேயே வரும் கட்டிகள் பிள்ளைகளிடம் பெரியவர்களைவிட ரொம்பக் குறைவு. ஆனால் வந்தால் புற்றாக இருக்கும் வாய்ப்பு கூடுதல். அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல்படி பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதம் என்றால் பிள்ளைகளில் 22 முதல் 26 சதவீதம். அதனால் 'ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, விட்டுப் பார்க்கலாம்' என்று பெரியவர்களுக்குப் போடும் கணக்கை, சுரப்பியே சின்னதாக இருக்கிற பிள்ளைக்குப் போட முடியாது. அளவைவிடத் தோற்றத்தைப் பார்க்க வேண்டும்: ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கிறதா, அகலத்தைவிட உயரம் கூடுதலா, உள்ளே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா, பக்கத்து நெறிகள் எப்படி இருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே, ஊசியால் கொஞ்சம் செல்களை எடுத்துப் பார்க்கும் ஊசி டெஸ்ட். புற்று என்றே வந்தாலும், பிள்ளைகளுக்கு வரும் இந்த வகை நுரையீரலுக்குப் பரவியிருந்தால்கூடப் பெரும்பாலோர் சிகிச்சையில் நன்றாக இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இந்த வெள்ளைப் புள்ளி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. தைமஸ் என்ற உறுப்பும் கருவில் கழுத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்குவதுதான், சில பிள்ளைகளிடம் வழியில் ஒரு துண்டைத் தைராய்டுக்குள் விட்டுவிட்டுப் போகும். திரையில் அது கருப்பாக, உள்ளே பொடி வெள்ளைப் புள்ளிகளோடு, அச்சு அசலாகப் புற்று மாதிரியே தெரியும். பிள்ளைகளை அதிகம் பார்க்காதவர்கள் இதற்கு ஊசி போடச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் செய்வதற்கு முன், ப்ரோப்பை (கழுத்தில் வைக்கும் ஸ்கேன் கருவியை) அப்படியே நெஞ்செலும்புக்கு மேலே இறக்கி அங்கிருக்கும் உண்மையான தைமஸைப் பார்த்தால், இரண்டும் ஒரே மாதிரி இருப்பது தெரிந்துவிடும். வயசு ஏற ஏற அது சுருங்கிவிடும். எனக்குப் பெரியவர்கள் ஸ்கேனில் கிடைக்காத ஒரு சந்தோஷம் இது, பயந்து வந்தவர்களைச் சும்மா வீட்டுக்கு அனுப்புவது.

கேள்வி இல்லாமல் எல்லார் கழுத்தையும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ஃபுகுஷிமா இருக்கிறது. 2011 மார்ச்சில் அணு உலை விபத்து. 1986-ல் செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளுக்குத் தைராய்டு புற்று வந்தது நினைவிருந்ததால், விபத்தின்போது 18 வயதுக்குள் இருந்த அந்த மாகாணப் பிள்ளைகள் அனைவருக்கும் அந்த அக்டோபரிலேயே ஸ்கேன் தொடங்கினார்கள். முதல் சுற்றில் சுமார் 3 லட்சம் பேர் வந்தார்கள், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு சின்ன நீர்க்கட்டியோ கட்டியோ இருந்தது. பெற்றோர் பதறிப்போனார்கள். பிறகு தூரத்து ஆவோமோரி, யாமானாஷி, நாகசாகியில் 4,365 பிள்ளைகளைப் பார்த்தால் அங்கே பாதிக்கும் மேல்! புற்று அல்லது சந்தேகம் என்று முதல் சுற்றில் தேறியவர்கள் 116 பேர். ஆனால் செர்னோபிலில் நான்கைந்து ஆண்டு கழித்து, விபத்தின்போது கைக்குழந்தைகளாகவும் சிறு குழந்தைகளாகவும் இருந்தவர்களிடம்தான் அதிகம் வந்தது. ஃபுகுஷிமாவில் உடனடியாக, பதின்வயதுக்காரர்களிடம். கதிர்வீச்சு குறித்த ஐ.நா. அறிவியல் குழுவின் 2020 அறிக்கை, நுட்பமான ஸ்கேன்தான் இந்த எண்ணிக்கையைக் காட்டியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. ஜப்பானில் அதை ஏற்காமல் வழக்குப் போட்டவர்களும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கூட்டிய நிபுணர் குழு 2018-ல், அணு விபத்துக்குப் பிறகும்கூட ஊர் முழுக்கத் தைராய்டு ஸ்கேன் செய்வது வேண்டாம் என்றது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே இருந்திருந்தால் நானும் என் பிள்ளையோடு வரிசையில் நின்றிருப்பேன்.

ஸ்கேன் தேவைதான் என்று குழந்தை டாக்டர் சொல்லிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. கதிர்வீச்சு கிடையாது, ஊசி கிடையாது, வெறும் வயிறும் தேவையில்லை. தோளுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்துவோம், ஜெல் கொஞ்சம் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். கழுத்து மூடாத சட்டை போட்டுக் கூட்டி வாருங்கள். எதற்காக ஸ்கேன் என்று டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வெறும் 'கழுத்து ஸ்கேன்' என்ற சீட்டு எங்களுக்கு உதவாது. முன்பு எடுத்திருந்தால் ரிப்போர்ட் தாளோடு படங்களையும் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் 4 மில்லிமீட்டர் இருந்தது 5 ஆகிவிட்டது என்பது கட்டி வளர்ந்ததாலும் இருக்கலாம், ப்ரோப்பைச் சாய்த்துப் பிடித்ததாலும் இருக்கலாம், பழைய படம் கையில் இல்லாமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது.