குலசேகரத்தில் மழை, அஞ்சுகிராமத்தில் வெயில்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாம் படித்த காலத்தில், ஆடி மாதம் நம் வகுப்புக்கு வானிலையும் பஸ் ஏறித்தான் வரும். குலசேகரத்துப் பையன்கள் நனைந்த குடையைச் சன்னல் கம்பியில் தொங்கவிடுவார்கள். அஞ்சுகிராமத்துக்காரன் சட்டையில் பொட்டு ஈரம் இருக்காது. "அங்க மழை உண்டாடே?" என்றால், "மழையா? எங்க?" என்பான். ஆரல்வாய்மொழிக்காரனுக்குக் காற்றைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

பூகோளம் எடுத்த சார்தான் இந்தச் சண்டையைத் தீர்த்தார். தென்மேற்குப் பருவக்காற்று மாவட்டத்தின் மேற்கே கல்குளம், விளவங்கோடு மலையோரத்தில் மழையை இறக்கிவிடும். பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாயும். முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வேறு.

அவரிடம் ஒரு ஃபிலிம் கேமரா இருந்தது. சாயங்காலம் மழை விட்டால் எங்களைத் தேரூர் குளத்தங்கரைக்குக் கூட்டிப் போவார். "சூரியனுக்கு முதுகக் காட்டி நில்லுங்கடே, வானவில்லு எதிர்ல நிக்கும்." மேற்கே வெயில் தலைகாட்ட, மழை தோவாளைப் பக்கம் ஒதுங்கினால் அப்படியே நிற்கும். மழைத்தாரையைப் பிடிக்கவோ நேர் எதிர் வித்தை. வெளிச்சம் துளிக்குப் பின்னாலிருந்து வரவேண்டும். அதற்கும் பின்னால் புளியமரம் மாதிரி இருட்டாக ஏதாவது வேண்டும். வெளுத்த வானத்துக்கு முன்னால் எவ்வளவு பெரிய மழையும் படத்தில் காணாமல் போய்விடும். முட்டம் கடற்கரையில் கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும்போது லென்சுக்கு முன்னால் ஃபில்டர் மாட்டிக்கொள்வார். அதில் உப்பு படிந்தால் துணி போடவே விடமாட்டார். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் உப்பே கண்ணாடியைக் கீறிவிடும்.

இப்போது நான் இருக்கும் மான்செஸ்டரிலும் மழைக்குப் பஞ்சமில்லை. அட்லாண்டிக்கிலிருந்து காற்றழுத்தத் தாழ்வுகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். காலையில் வெயில், மத்தியானம் ஆலங்கட்டி. வெள்ளைக்காரர்கள் வானிலை பேசுவதும் ஊரறிந்ததுதான். ஆனால் எனக்கு அதில் ருசி போதவில்லை. "குளிருதுல்ல?" என்று ஒருவர் கேட்டால் "ஆமா" என்பதுதான் இங்கே மரியாதை. நம்மூரில் ஆமாம் போட்டால் பேச்சு அதோடு செத்தது. மார்த்தாண்டத்தில் கொட்டுகிறது என்றால் நாகர்கோவில்காரர் நம்பமாட்டார், படம் அனுப்பு என்பார். அவரவர் வானம் வேறு வேறாக இருப்பதால்தானே பேச ஆசை வருகிறது?

கடற்கரை ஊர்களில் மட்டும் இந்தப் பேச்சில் விளையாட்டு குறைந்துபோயிற்று. 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது கடலில் இருந்தவர்களில் பலர் கரை திரும்பவில்லை. குளச்சல் கூட்டாளியிடம் "காத்து எப்படிடே?" என்று போனில் கேட்டால், முன்போல் அவன் பகடி பேசுவதில்லை. வானிலை அறிவிப்பில் வந்ததை வரி விடாமல் ஒப்பிக்கிறான்.

நம் வகுப்பின் அடுத்த மலருக்கு எல்லோரும் ஆளுக்கொரு படம் அனுப்புங்கள். ஊரும் நேரமும் கட்டாயம் எழுதுங்கள், சண்டை போட வசதியாக இருக்கும். முக்கடல் சூரியோதயம் மட்டும் வேண்டாம் மக்கா, அது காலண்டரிலேயே தாராளமாக இருக்கிறது.