டிராயிங்கைக் கவிழ்த்து வை

கோவைப் பக்கம் பம்ப்செட் மோட்டார் செய்யும் பட்டறைகளில் வெர்னியர் என்ற அளவுக் கருவி இல்லாத டர்னரை, அதாவது லேத் எனும் கடைசல் இயந்திரம் ஓட்டுபவரை, பார்ப்பது கஷ்டம். லேத் ஹெட்ஸ்டாக் மேல் துணி விரித்து வைத்திருப்பார். அடுத்தவர் எடுத்தால் முகம் மாறும். அப்படி ஒரு பட்டறையில் இன்ஸ்பெக்ஷன் வேலை எனக்கு.

1631-ல் பியர் வெர்னியே என்ற பிரெஞ்சுக் கணிதர் சொன்ன உபாயம்தான் இன்னும் ஓடுகிறது. 49 மி.மீ. நீளத்தை நகரும் கோலில் 50 பாகமாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாகம் 0.98 மி.மீ.; மேல் கோலின் 1 மி.மீ.க்கு 0.02 குறைவு. நகரும் கோலின் பூஜ்யம் 24-ஐத் தாண்டி நிற்கிறது, 6-க்கு அடுத்த இரண்டாவது கோடு மேல்கோட்டோடு சேர்கிறது என்றால் அளவு 24.64. தனியாக 0.02-ஐக் கண்ணால் பிரித்துப் பார்ப்பது சிரமம். ஆனால் இரண்டு கோடுகள் நேராக இருக்கின்றனவா என்பதில் நம் கண் மகா கெட்டி.

சிக்கல் என்னவென்றால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று கோடுகள் சேர்ந்தது போலவே தெரியும். சரியான கோட்டுக்கு இடப்பக்கம் உள்ளவை கொஞ்சம் வலது தள்ளியும், வலப்பக்கம் உள்ளவை இடது தள்ளியும் நிற்கும். இரு பக்கத்தையும் பார்த்து நடுவைப் பிடிக்க வேண்டும். அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? டிராயிங்கில், அதாவது வேண்டிய அளவுகள் குறித்த வரைபடத் தாளில், 24.60 என்று இருந்தால், கண் தானாக 24.60 கோட்டில் போய் நின்றுவிடும். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன், படிப்பவருக்கே தெரியாமல் நடப்பது அது. எங்கள் பழைய இன்ஸ்பெக்டர் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மொதல்ல அளவச் சொல்லுங்க தம்பி, டிராயிங் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்.

இன்னொரு சங்கதி, எதற்கு எதை எடுப்பது என்பது. 6205 என்ற எண்ணுள்ள பேரிங் உட்காரும் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) 25 மி.மீ. விட்டம். அதற்கு கே6 என்ற டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) போட்டால் 25.002-லிருந்து 25.015 வரைதான் இடம். மொத்தம் 13 மைக்ரான், அதாவது 0.013 மி.மீ. வெர்னியரின் ஒரு கோடே 20 மைக்ரான்! அங்கே வெர்னியரை நீட்டுவது வீண். 0.01 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டர் கருவியும் போதாது. அதன் ஸ்லீவில் (நிலையான குழாய்ப் பகுதியில்) வெர்னியர் கோடுகள் போட்டு 0.001 வரை காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். ஆக, அங்கேயும் கடைசியில் அதே வெர்னியேதான்.

சூட்டை மறந்துவிடுகிறோம். அளவுகளுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. இரும்பு ஷாஃப்ட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 11.5 மைக்ரான் நீளும். லேத்திலிருந்து இறக்கிய ஷாஃப்ட் 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 25 மி.மீ. விட்டத்தில் எட்டு, ஒன்பது மைக்ரான் ஏறிவிடும். இருக்கிற 13-ல் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே சரி. சித்திரை மாதத்தில் ஆற வைத்தாலும் 20-க்கு எங்கே இறங்குகிறது? மைக்ரோமீட்டரையும் ஷாஃப்டையும் ஒரே மேஜையில் கொஞ்ச நேரம் கிடத்தி, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்தபின் அளப்பதுதான் நடைமுறை.

இப்போது எல்லோர் கையிலும் டிஜிட்டல். கோடு தேடும் வேலை போயிற்று, கட்டைவிரல் போகவில்லை. வெர்னியரில் அளவுகோல் ஒரு வரிசையில், பொருள் வேறு வரிசையில். தாடை நுனியில் பிடித்து அழுத்தினால் நகரும் தாடை லேசாகச் சாய்ந்து அளவு குறையும். 1890-லேயே எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மன் இயற்பியலாளர் இதை விளக்கிவிட்டார். டிஸ்ப்ளேயில் 25.04 வந்தால், விரலை இன்னும் அழுத்தி 25.02 ஆக்கிவிட்டு "ஓகே சார்" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முனையில் பிசிறு இருந்தால் அதைத் தட்டி எடுக்கவும் மாட்டார்கள், அழுத்தம் மட்டும் கூடும்.

அதனால் புதுப் பையன்கள் வந்தால் டிஜிட்டலையே கொடுத்தாலும், தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அளக்கச் சொல்கிறேன். மூன்று இடத்தில் அளந்து மூன்றையும் எழுதிய பிறகுதான் தாளைத் திருப்பலாம். முணுமுணுக்கிறார்கள், பரவாயில்லை.