மூன்று ஆபிரகாமிய சமயங்களை ஒப்பிடும் வினாவுக்கு நான் படித்த முறை

யூதம், கிறித்தவம், இஸ்லாம் ஆகியவற்றின் நம்பிக்கைகளையும் விழுமியங்களையும் ஒப்பிடுமாறு கேட்கும் வினா, சமயவியல் தாள்களில் ஏதேனும் ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கும். எளிய வினாவாகத் தோன்றினாலும், நன்றாகப் படித்தவர்கள்கூட இதில் நடுத்தர மதிப்பெண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு குறிப்பாக மூன்று குறிப்புகளை அடுத்தடுத்து எழுதி, இறுதியில் மூன்றும் ஓரிறைக் கொள்கை உடையவை என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் ஒப்பீடு முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணிவிடுவதே அதற்குக் காரணம். நான் இந்தத் தாளுக்கு எப்படிப் படித்தேன், எந்தப் பகுதியில் அதிக நேரம் செலவிட்டது பலன் தந்தது என்பதை, இதே பாடத்தை எடுத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வழிகாட்டி நூல்கள் பெரும்பாலும் ஓர் அட்டவணையோடுதான் தொடங்கும். நிறுவனர், வேத நூல், மீட்பு, வழிபாட்டு இடம் என்று கட்டங்கள் இருக்கும். மனப்பாடத்துக்கு அது வசதியானது. ஆனால் கட்டத்தின் தலைப்பே சில சமயங்களில் தவறான பாதையில் இழுத்துச் சென்றுவிடும். நிறுவனர் என்ற கட்டத்தில் யூதத்துக்கு ஆபிரகாமை எழுதுவதா மோசேயை எழுதுவதா என்ற குழப்பம் உடனே எழும். இஸ்லாமோ முகம்மது நபியைப் புதிய சமயம் ஒன்றைத் தொடங்கியவராகக் கருதுவதில்லை; ஆதம் முதல் எல்லா நபிமார்களும் போதித்த ஒரே நெறியை நிறைவுசெய்த இறுதித் தூதராகவே கருதுகிறது. மீட்பு என்பது கிறித்தவத்தின் மையக் கேள்வி. யூதத்தின் மையத்தில் இருப்பது இறைவனோடு செய்துகொண்ட உடன்படிக்கையும், அதன் கட்டளைகளின்படி இவ்வுலகில் வாழ்வதும் ஆகும். ஒரு சமயத்தின் கேள்வியை மற்ற இரண்டின் மீதும் சுமத்திவிட்டு, அவற்றுக்கு விடை சரியாக இல்லை என்று காட்டுவது ஒப்பீடு ஆகாது.

வேத நூல் என்ற கட்டத்திலும் இதே சிக்கல் உண்டு. குர்ஆனுக்கு எதிரே விவிலியத்தை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இஸ்லாமிய நம்பிக்கையில் குர்ஆன் இறைவனின் நேரடிப் பேச்சு. கிறித்தவ நம்பிக்கையில் இறைவனின் வார்த்தை மனித உருவெடுத்தது என்று யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரமே கூறுகிறது. ஆகவே இஸ்லாத்தில் குர்ஆன் வகிக்கும் இடத்தைக் கிறித்தவத்தில் வகிப்பவர் கிறிஸ்து என்று சொல்லும் சமயவியலாளர்கள் உண்டு. இந்த ஒரு கருத்தை விடைத்தாளில் தெளிவாக எழுதினாலே, எழுதியவர் சிந்தித்துப் படித்திருக்கிறார் என்பது திருத்துபவருக்குப் புரிந்துவிடும்.

அட்டவணைக்குப் பதிலாக நான் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன்: இந்தத் தலைப்பில் எந்த இரண்டு சமயங்கள் அருகருகே நிற்கின்றன, எது விலகி நிற்கிறது? தலைப்பு மாறும்போது இந்தச் சேர்க்கையும் மாறுகிறது. இறைவனின் ஒருமையைப் பற்றிப் பேசும்போது யூதமும் இஸ்லாமும் நெருங்கி நிற்கின்றன. இயேசுவைப் பற்றிப் பேசும்போது கிறித்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் இடையில் பலரும் எதிர்பாராத நெருக்கம் தென்படுகிறது. வேத நூலை எடுத்துக்கொண்டால் யூதமும் கிறித்தவமும் ஒரே தொகுப்பைப் பகிர்ந்துகொள்கின்றன; யூதர்கள் 24 நூல்களாக எண்ணும் தங்கள் வேதத் தொகுப்பான தனாக்கையே சீர்திருத்தச் சபையினர் 39 நூல்களாகப் பிரித்து, வரிசையை மாற்றிப் பழைய ஏற்பாடாக வாசிக்கிறார்கள்; கத்தோலிக்கரின் பழைய ஏற்பாட்டில் மேலும் சில நூல்கள் சேர்ந்து 46 ஆகின்றன. இப்படித் தலைப்புத்தோறும் கேட்டுப் பழகினால், ஒப்பீடு விடையின் கடைசி வரியில் ஒட்டவைத்த ஒன்றாக இல்லாமல் விடை முழுவதிலும் பரவியிருக்கும்.

ஓரிறைக் கொள்கையைப் படிக்கும்போது மூல வரிகளையே எதிரெதிரே வைத்துப் பார்ப்பது நல்லது. இறைவன் ஒருவரே என்று இஸ்ரவேலுக்கு அறிவிக்கும் உபாகமம் 6:4 யூதர்களின் அன்றாட வழிபாட்டில் ஓதப்படுவது. அதே வரியை முதன்மையான கட்டளையாக இயேசு எடுத்துரைப்பதை மாற்கு 12:29-இல் காணலாம். இதுவரை வேறுபாடு இல்லை. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்களின் சங்கம் வகுத்த விசுவாச அறிக்கை, மகனாகிய இயேசு பிறப்பிக்கப்பட்டவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்றும், தந்தையோடு ஒரே தன்மை உடையவர் என்றும் கூறியது. குர்ஆனின் 112-ஆவது அத்தியாயமோ இறைவன் எவரையும் பெறவில்லை, எவராலும் பெறப்படவும் இல்லை என்கிறது. இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து எழுதிவிட்டால், பிரிவு எந்தப் புள்ளியில் நிகழ்கிறது என்பதைப் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் மூவொரு கடவுள் கொள்கையைக் கிறித்தவர்கள் ஓரிறைக் கொள்கைக்கு முரணானதாகக் கருதுவதில்லை என்பதையும் அங்கேயே ஒரு வரியில் சேர்த்துவிட வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் விடை ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

இயேசுவைப் பற்றிய பகுதிக்கு அதிக இடம் தேவையில்லை. குர்ஆன் அவரை ஈஸா என்றும் மஸீஹ் (மெசியா) என்றும் அழைக்கிறது. கன்னியான மர்யமுக்குப் பிறந்தவர் என்று ஏற்கிறது. அவர் சிலுவையில் கொல்லப்பட்டதை 4:157-இல் மறுக்கிறது. அவருடைய இறைத்தன்மையையும் ஏற்பதில்லை. யூதம் அவரை மெசியாவாக, அதாவது இறைவன் வாக்களித்த அரசராக, ஏற்பதில்லை. மெசியாவின் வருகையை யூத மரபு எதிர்காலத்துக்குரியதாகவே கொள்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த 13 நம்பிக்கைக் கோட்பாடுகளில் அந்த எதிர்பார்ப்பும் ஒன்று.

அதிக நேரம் செலவிட வேண்டிய தலைப்பு பாவமும் மன்னிப்பும்தான். மனிதனைப் பற்றிய பார்வை, சட்டத்தின் இடம், இறைவனின் இரக்கம் எல்லாம் இங்கே ஒன்றுகூடுகின்றன. நம்பிக்கை, விழுமியம் என்று வினா கேட்கும் இரண்டையும் இந்த ஒரு தலைப்பைக் கொண்டே காட்டிவிட முடியும். ஆதாமின் மீறலை மூன்று சமயங்களும் அறியும். ரோமர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் ஒரு மனிதனால் பாவமும் பாவத்தால் மரணமும் உலகில் நுழைந்ததாக எழுதுகிறார். அதை அடிப்படையாகக் கொண்டு திருச்சபை அறிஞர் அகுஸ்தீன் விரித்துரைத்த பிறப்புவழிப் பாவக் கோட்பாடு மேற்குத் திருச்சபைகளில் வேரூன்றியது. கிழக்கு மரபுவழித் திருச்சபைகள் மனிதகுலம் ஆதாமிடமிருந்து பெற்றது மரணத்துக்கு ஆட்பட்ட நிலையையே, அவனுடைய குற்றத்தை அன்று என்று பொதுவாக விளக்குகின்றன. குர்ஆனிலோ ஆதம் மன்னிப்புக் கோருகிறார், மன்னிக்கவும்படுகிறார் (2:37). ஒருவரின் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்று 6:164 கூறுகிறது. தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20-உம் கூறுகிறது. யூத மரபு மனிதனுக்குள் நல்ல நாட்டமும் தீய நாட்டமும் இருப்பதாகவும், தீயதை அடக்கும் ஆற்றல் அவனுக்கு உண்டு என்றும் போதிக்கிறது. யூதமும் இஸ்லாமும் இங்கே ஒரு புறமாக நிற்கின்றன. மனிதன் தன் முயற்சியால் மட்டும் மீள முடியாத நிலையில் இருக்கிறான், ஆகவே மீட்பர் தேவைப்படுகிறார் என்ற கிறித்தவ வாதம் ஏன் மற்ற இரண்டிலும் எழவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

மன்னிப்புப் பெறும் வழியைப் பார்க்கும்போது படம் வேறாகிறது. யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் யோமா என்னும் பகுதி, யோம் கிப்பூர் என்னும் பாவப் பரிகார நாள் மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலான குற்றங்களுக்கே பரிகாரம் தரும், அடுத்தவருக்குச் செய்த குற்றத்துக்கு அவரைச் சமாதானப்படுத்தும் வரை பரிகாரம் இல்லை என்கிறது. பாவத்திலிருந்து இறைவனிடம் திரும்பும் தவ்பாவுக்கு இஸ்லாமிய அறிஞர்கள் மூன்று நிபந்தனைகள் கூறுவர்: பாவத்தை விட்டுவிடுதல், அதற்காக வருந்துதல், திரும்பச் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல். பிறர் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பித் தருவது நான்காவது நிபந்தனை. மத்தேயு 5:23-24-இல் இயேசு, சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். வழிபாட்டுக்கு முன்னால் அடுத்தவரின் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதில் மூன்றும் ஒரே குரலில் பேசுகின்றன. நம்பிக்கையின் அடித்தளத்தில் பிரிந்தவை விழுமியத்தில் சேர்ந்துவிடுகின்றன என்று எழுத விரும்புபவருக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. கிறித்தவத்துக்குள் பாவ அறிக்கையைக் குருவிடம் செய்யும் கத்தோலிக்க, மரபுவழி முறையையும், நேரடியாக இறைவனிடம் செய்யும் சீர்திருத்த முறையையும் ஒரு வரியில் குறித்தால் போதும்.

சட்டத்தைப் பற்றிய பகுதியில் ஓர் எச்சரிக்கை. யூதம் சட்டத்தின் சமயம், கிறித்தவம் அன்பின் சமயம் என்ற பழைய சூத்திரத்தை எந்தக் காரணத்துக்காகவும் எழுத வேண்டாம். அயலானைத் தன்னைப்போல் நேசிக்கச் சொல்லும் கட்டளை லேவியராகமம் 19:18-இல் இருக்கிறது. இயேசு அதை யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவிலிருந்துதான் எடுத்துக் கூறுகிறார். நியாயமான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. யூதத்தில் 613 கட்டளைகளும் அவற்றைப் பற்றி ரபிகளின் தொகுப்பான தல்மூத்தில் வரும் விவாதங்களும், இஸ்லாத்தில் ஷரீஆவும் அதை விளக்கும் சட்ட மரபுகளும் உணவு முதல் ஒப்பந்தம் வரை அன்றாட வாழ்வை ஒழுங்குபடுத்துகின்றன. கிறித்தவத்தில், யூதரல்லாத விசுவாசிகள் மீது விருத்தசேதனத்தைச் சுமத்துவதில்லை என்று எருசலேம் சபை எடுத்த முடிவு (அப்போஸ்தலர் 15) வேறொரு திசையைத் திறந்தது. அதன்பின் அந்தச் சமயத்தின் எல்லைக்கோடுகளைப் பெருமளவில் விசுவாச அறிக்கைகளே வரைந்தன.

விழுமியங்களில் தர்மத்தை எடுத்துக்கொண்டால் எழுதுவதற்கு உறுதியான செய்திகள் கிடைக்கும். கட்டாய தர்மமான ஜகாத் இஸ்லாத்தின் ஐந்து தூண்களில் ஒன்று. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டு ஓர் ஆண்டு கையில் இருந்த பணம், தங்கம் முதலியவற்றுக்கு 2.5 விழுக்காடு என்பது விதி. அதைப் பெறத் தகுதியுள்ளவர்களை எட்டு வகையினராகக் குர்ஆன் 9:60 குறிப்பிடுகிறது. மைமோனிடிஸ் தர்மத்தை எட்டுப் படிகளாகப் பிரித்து, இல்லாதவருக்கு வேலையோ கடனோ தந்து அவரைத் தன் காலில் நிற்கவைப்பதை உச்சப் படியாக வைத்தார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாமல் கொடுப்பது அதற்கு அடுத்த படி. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்பது மத்தேயு 6:3. மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது மேலானது என்பது குர்ஆன் 2:271. பெறுபவரின் மானத்தைக் காக்கும் அக்கறையும் கொடுப்பவரின் நோக்கத்தைச் சோதிக்கும் அக்கறையும் இவற்றில் வெவ்வேறு அளவில் கலந்திருப்பதைக் கவனித்து எழுதினால் பகுதி செறிவாக அமையும்.

ஒரே நிகழ்ச்சியை மூன்று கோணங்களில் காட்டச் சொல்லும் வினா வந்தால், ஆபிரகாம் தன் மகனைப் பலியிடச் சென்ற நிகழ்ச்சியைத் தயாராக வைத்திருக்கலாம். ஆதியாகமம் 22-இல் பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று ஈசாக்கு தந்தையிடம் கேட்கிறான். குர்ஆன் 37:102-இல் இப்ராஹீம் தாம் கண்ட கனவை மகனிடம் சொல்லி அவன் கருத்தைக் கேட்கிறார். கட்டளையிடப்பட்டதைச் செய்யுங்கள் என்று மகன் பதிலளிக்கிறான். அங்கே மகனின் பெயர் சொல்லப்படவில்லை. பெரும்பாலான முஸ்லிம்கள் அவரை இஸ்மாயீல் எனக் கொள்கின்றனர். விறகைச் சுமந்து நடந்த ஈசாக்கைச் சிலுவை சுமந்த இயேசுவின் முன்னடையாளமாக ஆதிக் கிறித்தவ எழுத்தாளர்கள் கண்டனர். யூதர்கள் புத்தாண்டுப் பெருநாளில் இந்தப் பகுதியை வாசிக்கிறார்கள். முஸ்லிம்கள் ஈதுல் அள்ஹாவில் (பக்ரீத்) இந்தத் தியாகத்தை நினைவுகூர்கிறார்கள்.

எழுதும் நடையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு கூற்றுக்கும் உரியவர் யார் என்று வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். கிறித்தவர்கள் நம்புகின்றனர், யூத மரபு கூறுகிறது, பெரும்பாலான சுன்னி அறிஞர்கள் கருதுகின்றனர் என்ற வகையில் எழுதினால், எழுதுபவரின் சொந்தச் சமயப் பற்று விடைக்குள் நுழையாது. அறிமுகத்தில் உலக அமைதி, மத நல்லிணக்கம் என்று அரைப் பக்கம் எழுதுவதை நான் தவிர்த்தேன். வினா அதைக் கேட்கவில்லை. தாளைக் கையில் வாங்கியதும், வரைவுக்குரிய இடத்தில் ஒரு முக்கோணம் வரைந்து, மூன்று முனைகளில் மூன்று சமயங்களையும், ஒவ்வொரு பக்கக் கோட்டின் மீதும் அந்த இரண்டுக்கும் மட்டும் பொதுவானவற்றையும், நடுவில் மூன்றுக்கும் பொதுவானவற்றையும் சுருக்கமாகக் குறித்துக்கொண்டு தொடங்கினேன். பத்தி பிரிப்பு அதிலிருந்தே கிடைத்துவிடும். நேரம் போதாமல் போனால் முதலில் விட வேண்டியவை சங்கங்களின் ஆண்டுகளும் வரலாற்றுச் செய்திகளும். பாவமும் மன்னிப்பும் பற்றிய பத்தியைக் குறைக்க வேண்டாம்.