செயலியை நீக்கினால் சந்தா நிற்காது

போனில் இருந்து பாட்டுச் செயலியை நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். நிற்காது. கேபிள்காரரிடம் சொல்லாமல் டிவியை மட்டும் பரணில் தூக்கி வைப்பது போலத்தான் அது. மாதம் பிறந்தால் வசூல் நடக்கும். லாக் அவுட் செய்தாலும் அப்படியே, போனையே மாற்றினாலும் அப்படியே. சந்தா இருப்பது போனில் இல்லை, கணக்கில். அந்தக் கணக்குக்கு எந்த வாசல் வழியாகப் பணம் போகிறதோ, அந்த வாசலில் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

ஆகவே முதல் வேலை செட்டிங்ஸைத் துழாவுவது அல்ல. வங்கிக் குறுஞ்செய்தியையோ கணக்கு அறிக்கையையோ எடுத்துப் பாருங்கள். போன மாதம் பணம் கழிந்த வரியில் யார் பெயர் இருக்கிறது? ஸ்பாட்டிஃபை என்றே இருந்தால் நேரடிச் சந்தா. கூகுள் என்று தொடங்கினால் பிளே ஸ்டோர் அல்லது யூடியூப். ஆப்பிள் மீடியா சர்வீசஸ் என்றிருந்தால் ஆப்பிள் வழி. அது ஆப்பிள் மியூசிக்காகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஐபோன் செயலிக்குள் வாங்கிய யூடியூப் பிரீமியமும் அந்தப் பெயரில்தான் கழியும். எந்த வரியும் இல்லை, ஆனாலும் பாட்டு விளம்பரமில்லாமல் ஓடுகிறது என்றால், மொபைல் ரீசார்ஜோடு வந்த சலுகையாக இருக்கலாம், அல்லது வீட்டில் வேறு யாரோ எடுத்த குடும்பத் திட்டத்தில் நீங்கள் உறுப்பினராக இருக்கலாம். மின்னஞ்சலில் ரசீதைத் தேடுவதும் நல்லது. பிளே ஸ்டோர் ரசீது எண் 'ஜிபிஏ' என்ற எழுத்துகளில் தொடங்கும். ரசீது எந்த மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்பாட்டிஃபை நேரடிச் சந்தா என்றால் செயலியோடு மல்லுக்கட்ட வேண்டாம். பிரவுசரைத் திறந்து ஸ்பாட்டிஃபை தளத்தில் உள்நுழைந்து, அக்கவுன்ட் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் திட்டத்தின் பெயர் இருக்கும் பெட்டிக்குள் திட்டத்தை நிர்வகிக்கும் பகுதி, அதற்குள் கேன்சல். அழுத்தியதும் உடனே விட்டுவிட மாட்டார்கள். என்னென்ன இழப்பீர்கள் என்று ஒரு பக்கம், மலிவான திட்டம் வேண்டுமா என்று ஒரு பக்கம், ஏன் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி. இந்தப் பக்கங்களில் பளிச்சென்ற நிறத்தில் இருப்பது பெரும்பாலும் 'இருந்துவிடுகிறேன்' பொத்தான். மங்கலாக ஓரத்தில் இருப்பதுதான் 'நிறுத்து'. பாதியில் பக்கத்தை மூடினால் எதுவும் நடந்திருக்காது. இந்தத் தேதியில் இலவசக் கணக்காக மாறும் என்று தேதியோடு ஒரு வரி வரும்வரை விடாதீர்கள். அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலும் வந்ததா என்று பாருங்கள்.

உள்ளே போனால் கேன்சல் பொத்தானே இல்லை என்று குழம்புகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் ஒன்றுதான்: தவறான கணக்கு. ஒருமுறை ஃபேஸ்புக் வழியாக உள்நுழைந்திருப்பார்கள், இன்னொரு முறை போன் எண் கொடுத்திருப்பார்கள், மடிக்கணினியில் ஜிமெயில். மூன்றும் மூன்று கணக்குகள். பணம் ஒன்றிலிருந்து போகும், நீங்கள் இன்னொன்றில் நின்றுகொண்டு 'நான் இலவசக் கணக்குதானே' என்று திகைப்பீர்கள். ரசீது வந்த மின்னஞ்சல் எதுவோ அதில் உள்நுழையுங்கள். மீதிப் பேருக்கு, சந்தா வேறொரு நிறுவனம் வழியாக வந்திருக்கும்; அக்கவுன்ட் பக்கமே அதைச் சொல்லும். ஒருமுறை மட்டும் கட்டும் திட்டம் என்றால் கேன்சல் செய்ய ஒன்றுமே இல்லை, நாள் முடிந்தால் தானே நின்றுவிடும். யூடியூபின் ப்ரீபெய்டு திட்டமும் இதே வகை.

யூடியூப் மியூசிக்கை மட்டும் தனியாக எடுத்தவர்களும் உண்டு, யூடியூப் பிரீமியத்தோடு சேர்த்து வைத்திருப்பவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டில் தனிநபர் பிரீமியம் மாதம் 129 ரூபாயிலிருந்து 149 ஆனபோதுதான் பலர் நிறுத்தும் பக்கத்தைத் தேடவே ஆரம்பித்தார்கள். யூடியூபில் உங்கள் படத்தைத் தொட்டு, பர்ச்சேஸஸ் அண்ட் மெம்பர்ஷிப்ஸ் பகுதிக்குப் போங்கள். பிரீமியம் என்ற வரியில் மேனேஜ், அதற்குள் டிஆக்டிவேட். இங்கே முதலில் நிறுத்தச் சொல்லாமல் 'இடைநிறுத்தம்' செய்யச் சொல்வார்கள், 1 மாதம் முதல் 6 மாதம் வரை. தேர்வு முடியும்வரை பாட்டு வேண்டாம் என்பவருக்கு அது சரி. நிரந்தரமாக வேண்டாம் என்பவர் அதில் விழக்கூடாது, ஏனென்றால் இடைநிறுத்தம் முடியும் நாளில் சந்தா தானே உயிர்த்தெழும், பணமும் கழியும். கன்டினியூ டு கேன்சல் என்பதுதான் உங்கள் வழி.

பிளே ஸ்டோர் வழி எளிது. பிளே ஸ்டோரைத் திறந்து மேலே உள்ள உங்கள் படம், பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், அதில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ், பாட்டுச் செயலியின் பெயர், கேன்சல். போனில் இரண்டு மூன்று ஜிமெயில் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அப்பா போனில் மகன் ஜிமெயில் இருக்கும் வீடுகளில் சந்தா எங்கேயாவது ஒளிந்துதான் இருக்கும்.

ஐபோனில் செட்டிங்ஸ், மேலே உங்கள் பெயர், சப்ஸ்கிரிப்ஷன்ஸ், ஆப்பிள் மியூசிக், கேன்சல். கேன்சல் பொத்தான் இல்லாமல் முடியும் தேதி மட்டும் தெரிந்தால் ஏற்கெனவே நிறுத்தியாயிற்று என்று பொருள். ஆப்பிள் அடுத்த மாதத்துக்கான பணத்தை, நடப்பு மாதம் முடிவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள்ளேயே எடுத்துவிடும். கடைசி நாள் இரவு உட்கார்ந்து கேன்சல் செய்கிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். இலவச மாதங்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கட்டணச் சந்தாவை நிறுத்தினால் மாதம் முடியும்வரை பாட்டு ஓடும், ஆனால் இலவசச் சோதனையை நிறுத்தினால் அந்த நொடியிலேயே பறிபோகவும் கூடும். உறுதி கேட்கும் பெட்டியில் அது எழுதியிருக்கும், படித்துவிட்டு அழுத்துங்கள்.

அமேசான் பிரைமோடு வரும் பாட்டுச் சேவையைத் தனியாக நிறுத்த முடியாது. பிரைமை நிறுத்தினால்தான் அது போகும். மொபைல் நிறுவனம் கொடுத்த இலவச மாதங்களில் ஒரு கண்ணி உண்டு. சலுகை முடிந்ததும் முழுக் கட்டணத்தில் தொடரும் என்று நிபந்தனையில் இருக்கும், அதற்காகத்தான் ஆரம்பத்திலேயே கார்டோ யுபிஐயோ கேட்டிருப்பார்கள். அந்தச் சந்தாவும் பெரும்பாலும் சேவை நிறுவனத்திடமோ ஆப்பிள், பிளே ஸ்டோரிடமோதான் பதிவாகியிருக்கும். மொபைல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துப் பயனில்லை.

இனி ஆட்டோபே, அதாவது நீங்கள் ஒருமுறை கொடுத்த ஒப்புதலை (மேண்டேட்) வைத்து மாதாமாதம் பணம் தானே கழியும் ஏற்பாடு. இந்தியாவில் இது 2020 ஜூலையில் யுபிஐக்கு வந்தது. கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமாயின. பணம் கழிவதற்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் வர வேண்டும், வேண்டாம் என்று விலகும் வழியும் இருக்க வேண்டும். 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க மாட்டார்கள். பாட்டுச் சந்தா எல்லாம் அதற்குள் அடங்கிவிடுவதால்தான் சத்தமில்லாமல் கழிகிறது.

யுபிஐ மேண்டேட்டை ரத்து செய்ய, எந்தச் செயலியில் ஒப்புதல் கொடுத்தீர்களோ அங்கே முதலில் பாருங்கள். கூகுள் பேயிலும் போன்பேயிலும் உங்கள் படத்தைத் தொட்டால் ஆட்டோபே என்ற பகுதி இருக்கும். அதற்குள் நிறுவனத்தின் பெயர், ரத்து, பிறகு யுபிஐ பின். கூடவே அங்கே எழுதியிருக்கும் அதிகபட்சத் தொகையையும் பாருங்கள். மாதக் கட்டணத்தைவிட அது கூடுதலாக இருந்தால், கட்டணம் உயரும்போது புதிய ஒப்புதல் இல்லாமலே கழிய இடமிருக்கிறது. கார்டு என்றால் வங்கியின் செயலியில் இ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் பகுதி. இந்த வசதிக்காக வங்கி உங்களிடம் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் சேவையில் கேன்சல், பிறகு மேண்டேட் ரத்து. மேண்டேட்டை மட்டும் வெட்டிவிட்டுச் சும்மா இருந்தால் சந்தா சாகவில்லை, பணம் கிடைக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பிளே ஸ்டோரில் அப்படித் தொங்கும் சந்தா, நீங்கள் வேறு ஏதோ செயலிக்காகப் புதிய கார்டைச் சேர்த்த அன்று மீண்டும் முயன்று பணத்தை எடுத்துவிடலாம். ஆப்பிளிலோ பாக்கித் தொகை நின்றால் மற்ற செயலிகளைத் தரவிறக்கக்கூட முட்டுக்கட்டை போடும். கார்டு காலாவதியாகட்டும், தானே நின்றுவிடும் என்று விடுவதும் இதே கதைதான்.

நாள் கணக்கு: புதுப்பிக்கும் தேதிக்கு மூன்று நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். 'நாளை பணம் கழியும்' என்ற தகவல் வந்த பிறகு செய்யும் கேன்சல் சில சமயம் அடுத்த மாதத்துக்குத்தான் பலிக்கும். கட்டிய மாதம் முடியும்வரை கேட்கலாம் என்பதால், சந்தா எடுத்த அன்றே கேன்சல் செய்து வைப்பதும் நல்ல வழக்கம். ஒரு மாதம் போதும் என்று எடுக்கிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

கேன்சல் பொத்தானைத் தொடும் முன் பாட்டுப் பட்டியல்களைப் பற்றி யோசியுங்கள். ஸ்பாட்டிஃபையில் இலவசக் கணக்கு இருப்பதால் பட்டியல்கள் அப்படியே இருக்கும். ஆஃப்லைனுக்காக இறக்கிய பாட்டுகள் மட்டும் ஓடாது. ஆப்பிள் மியூசிக்கில் இலவசக் கணக்கு கிடையாது. சந்தா முடிந்தால் நூலகமே பூட்டப்படும், காசு கொடுத்து ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டுகள் தவிர. பல மாதம் கழித்துத் திரும்பி வந்தால் பட்டியல் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். யூடியூப் மியூசிக்குக்கு மாறுகிறவர்கள் ஆப்பிளின் தனியுரிமைத் தளத்தில் தரவை நகல் எடுத்து அனுப்பும் வசதியைப் பயன்படுத்தலாம். 2024 முதல் பாட்டுப் பட்டியல்களையும் அது அனுப்புகிறது. ஆனால் அந்த நேரத்தில் சந்தா உயிரோடு இருக்க வேண்டும், நீங்களே உருவாக்கிய பட்டியலாகவும் இருக்க வேண்டும். மற்ற சேவைகளுக்கு டியூன் மை மியூசிக், சவுண்டீஸ் போன்ற தளங்கள் உண்டு. இலவசமாக மாற்றும் பாட்டு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பார்கள்.

தமிழ்ப் பாட்டுகள் இந்த மாற்றத்தில் கொஞ்சம் அடிபடும். ஒரே பாட்டின் தலைப்பை ஒரு சேவை ஒற்றை 'ஏ' போட்டு ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கும், இன்னொன்று இரட்டை 'ஏ' போட்டிருக்கும். பழைய படப் பாட்டு ஒரு இடத்தில் அந்தப் படத்தின் ஆல்பத்தில் இருக்கும், இன்னோரிடத்தில் ஏதாவது 'மெலடி ஹிட்ஸ்' தொகுப்பில். அதனால் தமிழ்ப் பாட்டுக்குப் பதில் அதே மெட்டின் தெலுங்கு டப்பிங் வந்து உட்கார்ந்திருப்பதும் நடக்கும். மாற்றிய பிறகு இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, அதற்கப்புறம் பழையதை நிறுத்துங்கள்.

இறக்கி வைத்த பாட்டுகள் பூட்டிய கோப்புகள், எடுத்து வேறு இடத்தில் ஒட்ட முடியாது. அவை பிடித்திருக்கும் இடத்தையாவது மீட்க, செயலியை நீக்குமுன் டவுன்லோடுகளை அழித்துவிடலாம்.

குடும்பத் திட்டத்தில், யார் பெயரில் பணம் போகிறதோ அவர்தான் நிறுத்த முடியும். அவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும். வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு இந்தியக் கணக்கில் ஸ்பாட்டிஃபை கேட்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல்: பிரீமியத்தை நிறுத்தி இலவசக் கணக்கானதும், பதிவு செய்த நாட்டுக்கு வெளியே 14 நாள்தான் ஓடும். கணக்கின் நாட்டை மாற்றினால்தான் தொடரும்.

எல்லாம் செய்த பிறகும் பணம் கழிந்தால், ஸ்கிரீன்ஷாட்டோடு முதலில் சேவை நிறுவனத்திடம் திரும்பக் கேளுங்கள். ஆப்பிள், கூகுள் இரண்டிலும் அதற்கென்று தனிப் படிவம் உண்டு, கழிந்த ஓரிரு நாளில் கேட்பது நல்லது. மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நிறுத்தும் வழியை ஒளித்து வைப்பதும் வேண்டுமென்றே சிக்கலாக்குவதும் 'சந்தாக் கண்ணி' என்ற பெயரில், 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளில் ஒன்று. புகாரில் அந்தச் சொல்லையே எழுதுங்கள். மேண்டேட்டை ரத்து செய்த பிறகும் வங்கி பணத்தை விட்டிருந்தால் புகார் வங்கிக்கு. 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க எண் 14448.