கிளிப்புல 98, ஆனா மூச்சு வாங்குது

மேலூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன். கொரோனாவுக்குப் பெறகு ஓபிக்கு வர்றவங்க கேக்காமலே விரலை நீட்டுறாங்க, ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம் நிறைஞ்சிருக்குன்னு பாக்குற கிளிப்பை (பல்ஸ் ஆக்சிமீட்டர்) மாட்டி 98ன்னு காட்டிட்டா முகத்துல ஒரு நிம்மதி, உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு அவங்களே முடிவு பண்ணிடுறாங்க. அந்த நம்பர் மேல எனக்கு மரியாதை உண்டு, நிமோனியாவை முன்கூட்டியே காட்டிக்குடுத்து எத்தனையோ பேரை காப்பாத்தியிருக்கு. ஆனா ரத்தசோகையில அது உண்மையை பாதிதான் சொல்லும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கர்ப்பிணி செக்கப்புக்கு மல்லிகைப்பூ பறிக்கப் போற பொண்ணு ஒண்ணு வந்துச்சு, ஆறாம் மாசம். விடியக்காலையில தோட்டத்துல கொஞ்சநேரம் நின்னாலே படபடன்னு வருது, நாலு படி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு சொல்லுச்சு. கீழ் இமையை இழுத்துப் பாத்தா வெளுத்துக் கெடக்கு. சிவப்பணுக்குள்ள இருந்து ஆக்சிஜனைச் சுமக்குற ஹீமோகுளோபின் 6 கிராம்தான். கிளிப்புல 98. கூட வந்த மாமியார், "மெஷினே நல்லாயிருக்குன்னு காட்டுதே சிஸ்டர், பெறகு எதுக்கு பெரியாஸ்பத்திரி?"ன்னு கேட்டாங்க.

"அம்மா, மாட்டுத்தாவணியில இருந்து நம்ம ஊருக்கு 12 பஸ் ஓடணும், இன்னைக்கு 6தான் ஓடுதுன்னு வைங்க. ஓடுற ஆறுலயும் சீட்டு ஃபுல்லுதான், ஆனா பாதி சனம் ஸ்டாண்டுலதான நிக்கும்? இந்த கிளிப்பு சீட்டு நிறைஞ்சிருக்கான்னு மட்டும்தான் பாக்கும், எத்தனை பஸ்ஸுன்னு எண்ணாது"ன்னேன்.

பஸ்ஸுங்கிறது ஹீமோகுளோபின், ஏறுற சனம் ஆக்சிஜன், கணக்கும் அதுதான். 1 கிராம் ஹீமோகுளோபின் சுமாரா 1.34 மில்லி ஆக்சிஜன் தூக்கும், அப்ப 12 கிராம் இருந்தா 100 மில்லி ரத்தத்துல ஏறக்குறைய 16 மில்லி, 6 கிராம்னா வெறும் 8. ரத்தத் தண்ணியில நேரா கரைஞ்சு போறது 0.3 மில்லிதான், அதனால மாஸ்க் போட்டு ஆக்சிஜன் குடுத்தாலும் பெருசா ஏறாது. பற்றாக்குறையை சரிக்கட்ட இதயம் வேகவேகமா அடிக்குது, அந்தப் பொண்ணுக்கு வந்த படபடப்பு அதுதான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது சிவப்பணுதான். ஆக்சிஜனை எரிச்சு சக்தி எடுக்குற மைட்டோகாண்ட்ரியா அதுக்குள்ள கிடையாது, அதனால சுமந்துட்டுப் போறதுல ஒரு துளி கூட தனக்குன்னு எடுத்துக்காது. அதுவும் எல்லா இடத்துலயும் ஒரே அளவா எறக்காது, வேலை செய்யிற தசையில கார்பன்டைஆக்சைடும் சூடும் கூடி இருக்குமே, அங்கதான் ஹீமோகுளோபினோட பிடி தளர்ந்து கூடுதலா விடும். கார்பன்டைஆக்சைடு கூடுனா பிடி தளரும்ங்கிறதை கிறிஸ்டியன் போர்னு ஒரு டென்மார்க்காரர் கூட்டாளிகளோட சேர்ந்து 1904லயே எழுதிட்டாரு. விட்ட ஆக்சிஜன் செல்லுக்குள்ள போறதுக்கு பம்பு எதுவும் இல்ல, வெளிய அதிகம் உள்ள கம்மி, அந்த வித்தியாசத்துலயே சவ்வைத் தாண்டி போயிடும். வெளியவே கம்மியாயிட்டா?

அதுவரைக்கும் பேசாம இருந்த பொண்ணு, "பிள்ளைக்குப் பத்துமா சிஸ்டர்?"னு கேட்டுச்சு. வயித்துல இருக்க பிள்ளையோட ஹீமோகுளோபின் தாயோடதைவிட ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும்மா, ஆனா அது எடுக்குறது உன் ரத்தத்துல இருந்துதான், உன்கிட்ட குறைஞ்சா அதுக்கும் குறையும், எடை கம்மியா பிறக்கலாம், முன்னாடியே பிறந்துடலாம்னு மறைக்காம சொன்னேன். மாமியார் அப்பவே மகனுக்குப் போன் போட்டு, பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், பூவை இன்னைக்கு வேற ஆளு பறிக்கட்டும், நீ கெளம்பி வான்னாங்க.